சாம்பல் காரின் சோம்பல்

அத்தியாயம் 6

"நீ எத்தனை கிலோ இருப்ப?" என்று அண்ணி கேட்டபோதே சில்லறை உஷாராகியிருக்க வேண்டும்.

"யாரு கேக்கறாங்கங்கறதைப் பொறுத்தது அண்ணி. டாக்டர்னா எழுபது. பொண்ணு வீட்டுக்காரங்கன்னா அறுபத்தஞ்சு."

"உண்மையில?"

"எழுபத்தெட்டு."

"போதும்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் கார் பத்திரிகைக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சில்லறை என்பது அவனுடைய அண்ணன் வைத்த பெயர். வாயைத் திறந்தால் கலகலவென்று சத்தம்தான் வருகிறது, எடுத்துப் பார்த்தால் ஒரு தேநீருக்குக்கூடத் தேறாது என்பது அண்ணனின் புகார். அண்ணன் இப்போது இல்லை. அவன் விட்டுப்போனவை அந்தப் பெயரும், மாடியில் ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகமும், அதை இழுத்து மூடாமல் நடத்திக்கொண்டிருக்கும் அண்ணியும்தான். சில்லறை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கீழ்க்கடைப் பல் மருத்துவர் முதல் வழக்கோடு வருகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். அவளைவிட இருபது வயது மூத்த ஒரு வக்கீல்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் துக்கம் என்று பெயர் சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை. வெகுநேரம் ஒரே பக்கமாக மடக்கி உட்கார்ந்த காலைப்போல எல்லாம் மரத்திருந்தது. கிள்ளினால் தெரியாது. நடந்தால் மட்டும் நொண்டும். அண்ணி வேலை பார்த்தாள், சில்லறை பேசினான். அவனும் பேசாமலிருந்தால் அந்த அறையில் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான் உயிருள்ள ஆள் என்று ஆகிவிடும்.

அவர்களிடம் அப்போது இருந்த வழக்கு தையல் டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரே மகள். அந்த மகளைக் கட்டியவர் ஊரறிந்த ஒரு கார் பத்திரிகையின் முதலாளி. போன மாதம் ஒரு நாள் அவள் காணாமல் போனாள். வீட்டிலிருந்து காணாமல் போனாள் என்பதைவிட, வீட்டுக்குள்ளேயே காணாமல் போனாள் என்பதுதான் பொருத்தம். ஆள் உயரத்துக்கு மேல் மதில், ஒரே ஒரு வாசல், வாசலில் காவலாளி, காவலாளியின் தலைக்கு மேல் கேமரா. அன்று காலை அந்த வாசலைத் தாண்டி ஒரு பெண்ணும் நடந்து வெளியே போகவில்லை. சாயங்காலம் பார்த்தால் வீட்டுக்குள் அவள் இல்லை. போலீஸ் தோட்டத்தைக் கிளறியது, தண்ணீர்த் தொட்டியை இறைத்தது, முதலாளியின் சொந்தக் காரைப் பஞ்சு பஞ்சாகப் பிரித்துப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

மருமகன் தன் மகளைக் கொன்றுவிட்டான் என்று டீச்சர் நம்பினாள். தோள் பதினாலு, கை இருபது என்று துணிக்கு அளவு சொல்வதுபோன்ற குரலில்தான் அதைச் சொன்னாள். கண்ணில் நீர் இல்லை. உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பதை மட்டும் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவள் எழுந்துபோன பிறகு, அழுதிருந்தால் தேவலை என்று சில்லறைக்குத் தோன்றியது.

"இதைப் படி," என்று அண்ணி பத்திரிகையைத் திருப்பி வைத்தாள். "அந்தப் பொண்ணு காணாமப் போன அன்னிக்கு வாசலைத் தாண்டினது மூணு கார். ஒண்ணு முதலாளியோடது, டிரைவரைத் தவிர யாரும் இல்லாமப் போச்சு. மத்த ரெண்டும் இதோ."

பெரிய பதவியில் இருப்பவர்கள் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டு போகும் ரகம் அவை. இரண்டும் பெட்ரோல் கார்கள். ஒரே விலை, ஒரே அளவு இன்ஜின், ஒரே நீளம். ஒன்று கருநீலம், மற்றது சாம்பல். எது முதலில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கி வந்திருந்தார்கள். முதல் நாள் இரவு அவற்றை முதலாளி தன் வீட்டு முற்றத்திலேயே நிறுத்திவைத்திருந்தார். சோதனை முடிந்த அன்றே பளபளவென்று கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டதால் போலீஸுக்கு அவற்றின் நினைப்பே வரவில்லை.

கட்டுரையை எழுதியவர் அந்தக் கார்களை ஓட்டிப் பார்த்தவர். கார்த் தொழிலில் அவருக்குப் பெயர் அரைவினாடி. அரை வினாடிக்காக ஒரு கம்பெனியோடு வருடக்கணக்கில் பேசாமலிருந்தவர். அவர் எழுதியிருந்தது இது: 'காலையில் ஓட்டிய ஓட்டங்களில் நீலம் முந்தியது. சாம்பல் ஒவ்வொரு தடவையும் அரை வினாடி பின்தங்கிச் சோம்பலாக ஓடியது. மதிய உணவுக்குப் பின் என்ன காரணமோ விழித்துக்கொண்டது; இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக ஓடின. காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. நேரத்தை உள்ளபடி தருகிறேன்.' கடைசியில் பொடி எழுத்தில், நேரம் குறித்தவர் பத்திரிகை முதலாளி என்று இருந்தது.

"காலையில எனக்கும் அப்படித்தான் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டா சரியாயிடும்," என்றான் சில்லறை.

"உனக்கு வயிறு நிறைஞ்சா சோம்பல் வரும். இதுக்கு வயிறு நிறைஞ்சிருந்ததாலதான் சோம்பல். மத்தியானம் காலியாயிடுச்சு."

அண்ணி விளக்கினாள். ஒரு ஆள் பாரம் கூடுதலாக ஏறினால் அந்த ரகக் காருக்குக் கிட்டத்தட்ட அரை வினாடி கூடுதலாகும். அதை அவள் ஒரு பட்டறையில் விசாரித்து வைத்திருந்தாள். இந்த அரைவினாடி ஆசாமி எந்தக் காரைச் சோதிப்பதற்கு முன்னும் டிக்கியைத் தன் கையாலேயே திறந்து, கிடக்கும் குடையைக்கூட எடுத்து வெளியே வைப்பவர். பழைய இதழ் ஒவ்வொன்றிலும் அதைப் பெருமையாக எழுதுவார். இந்தக் கட்டுரையில் மட்டும் அந்த வரி இல்லை.

"மறந்திருப்பாரு."

"பல் தேய்க்க மறப்பியா நீ?"

"ஞாயித்துக்கிழமை மறப்பேன்." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அப்ப, டிக்கியில பொணத்தை வெச்சுக்கிட்டு, புருஷன் முன்னாடி உக்காந்து ஸ்டாப்வாட்சை அமுக்கியிருக்கான்."

அண்ணி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பிரேக் சோதனை மட்டும் இரண்டு காருக்கும் மத்தியானம்தான் நடந்திருக்கிறது, வழக்கமாக அது காலையிலேயே முடிந்துவிடும் என்றாள். சாம்பல் காரின் உட்புறப் படம் ஒன்றில் விரலை வைத்தாள். பின் இருக்கையின் நடுவே கைத்தாங்கி இறக்கப்பட்டு, அதன்மேல் ஒரு ஃப்ளாஸ்க் நின்றது.

"எனக்கும் தாகமாத்தான் இருக்கு அண்ணி."

"வா. போற வழியில குடிக்கலாம். கொஞ்சமாக் குடி."

*

கைவிடப்பட்ட விமான ஓடுதளம் அது. கான்கிரீட் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. ஓரத்தில் விமானம் இல்லாத விமானக் கொட்டகை. கார் பத்திரிகைக்காரர்கள் எப்போதும் இங்கேதான் ஓட்டிப் பார்ப்பார்கள்.

அண்ணி ஏற்பாடுகளை முடித்திருந்தாள். ஒரு பெரிய ஹோட்டல் விருந்தாளிகளுக்காகக் கார் வாங்கப் போகிறது, இந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய அரைவினாடி ஐயா நேரில் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஷோரூம்களிலிருந்து அதே மாதிரிக் கார்கள் வந்துவிட்டன, அதே நீலமும் அதே சாம்பலும். கொண்டுவந்த ஓட்டுநர்கள் இருவரும் கொட்டகை நிழலில் போனுக்குள் மூழ்கிவிட்டார்கள்.

சில்லறை கொட்டகைக்குள் ஒரு துருப்பிடித்த ஏணிக்குப் பின்னால் நின்றான். அரைவினாடி வந்து இறங்கியதை அங்கிருந்து பார்த்தான். ஒல்லியான மனிதர், வெட்டிச் சீராக்கிய நகங்கள், சலவை மடிப்புக் கலையாத சட்டை. அண்ணிக்கு வணக்கம் சொன்னார். நேராக இரண்டு கார்களின் டிக்கியையும் திறந்தார். ஷோரூம் குடை ஒன்று, தண்ணீர் பாட்டில்கள், ஒரு விளம்பரப் பலகை எல்லாவற்றையும் எடுத்துப் புல்லில் வைத்தார். பிறகு தலையைக் குனிந்தபடி ஓடுதளத்தின் நீளத்துக்கும் நடந்து கல் பொறுக்கப் போனார். டயரில் கல் மாட்டினால் நேரம் கெட்டுவிடுமாம்.

அவர் முதுகு சிறியதானதும் அண்ணி சாம்பல் காரின் டிக்கியைத் திறந்து பிடித்தாள். சில்லறை ஓடிவந்து உள்ளே மடங்கினான். முழங்கால் மோவாயில் இடித்தது.

"அண்ணி, ஒருவேளை நான் செத்துட்டா..."

"அலுவலகம் அமைதியா இருக்கும்," என்று சொல்லி மூடினாள்.

உள்ளே புதுக் கம்பள வாசனை. கொஞ்ச நேரம் கண் எதையோ தேடியது, பிறகு தேடுவதை நிறுத்திக்கொண்டது. தூரத்தில் நீலக்கார் உறுமிக் கிளம்புவது கேட்டது. அந்தச் சத்தம் போய் மறுகோடியில் கிறீச்சென்று முடிந்தது. திரும்பி வந்து மறுபடியும் கிறீச்சென்று முடிந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நேர் செய்வதற்காக இரண்டு திசையிலும் ஓட்டுவது அவர் முறை. சில்லறைக்கு முதலில் இடது கால் மரத்தது, பிறகு வலது கால், பிறகு எது யாருடைய கால் என்றே தெரியாமல் போயிற்று. பயம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. இருட்டில் மடங்கிக் கிடக்கிற ஒரு பாரம், அவ்வளவுதான். இப்படித்தானே அவளும் கிடந்திருப்பாள் என்று நினைத்தான். இல்லை, அவளுக்கு இதுகூடத் தெரிந்திருக்காது.

கதவுகள் திறந்து மூடின. கார் இரண்டு பக்கமும் லேசாக அமிழ்ந்தது. "ரெடியா மேடம்?" என்று அரைவினாடியின் குரல் சுவருக்கு அப்பால் கேட்பதுபோல் கேட்டது.

இன்ஜின் குரலை உயர்த்தியது. யாரோ ராட்சசன் உள்ளங்கையால் தள்ளியதுபோல சில்லறை டிக்கியின் பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டான். கியர் மாறியது, மறுபடியும் தள்ளியது. பல்லைக் கடித்தான். அடுத்தது பிரேக். நீலக்கார் போட்ட பிரேக் இவனுக்கும் விழுந்தால் இருக்கையின் முதுகில் முகம் தட்டையாகிவிடும். இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக் காத்திருந்தான்.

பிரேக் விழவில்லை. கரை சேருகிற படகுபோலக் கார் மெல்ல மெல்லத் தளர்ந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு க்ளிக் சத்தம். அவன் முகத்துக்கு நேரே ஒரு சதுரம் வெளிச்சமாகத் திறந்தது. கைத்தாங்கியை இறக்கினால் அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. நீளமான சாமான் வைத்தால் கால்பகுதி டிக்கிக்குள் நீட்டிக்கொள்வதற்காக வைத்தது. அந்தச் சதுரத்தில் சுத்தமாக வெட்டிய நகங்களோடு ஒரு கை தெரிந்தது. கை பின்வாங்கியது. குளிர்ந்த காற்று வந்தது.

"மூச்சு முட்டுதா?" என்று கேட்டார் அரைவினாடி.

"இல்ல சார். வாடகை எவ்வளவு?"

சிரிப்புச் சத்தம் எதுவும் வரவில்லை. முன் இருக்கையிலிருந்து அண்ணியின் குரல் மட்டும் கேட்டது. அவள் நிதானமாகப் பேசினாள். நீலக்காரைவிட அரை வினாடி கூடுதல் என்றாள். "நீலத்துல நீங்க போட்ட பிரேக்குல என் கண்ணாடி மடியில விழுந்துச்சு. இதுல பாரம் இருக்குன்னு தெரிஞ்சதும் பிரேக்கே போடல. டிக்கியைத் திறந்து பாக்கணும்னும் தோணல. கை நேரா இந்தக் கதவுக்குப் போச்சு. பழகின கை."

அரைவினாடி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சதுரத்தின் வழியாக அவருடைய பிடரி மட்டுமே சில்லறைக்குத் தெரிந்தது. ஒரு மனிதன் முடிவு செய்வதைப் பிடரியில் பார்க்க முடியும் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அவங்க உங்க ஆளைவிட லேசு," என்றார் கடைசியில். "ஆனா ஒரு பெட்டியும் இருந்துச்சு."

*

சில்லறையை வெளியே எடுத்து ஓடுதளத்தின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். கால்கள் யாருடையனவோபோல முன்னால் கிடந்தன. அரைவினாடி காரில் சாய்ந்து நின்று சொன்னார். அவசரமில்லாமல், ஒரு காரைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார்.

கார்களை முதலாளி வீட்டில் விட்ட அன்று இரவு, காபி கொண்டுவந்த அந்தப் பெண் அவரிடம் எதில் டிக்கி பெரிது என்று கேட்டாள். சாம்பலில், ஒரு பை கூடுதலாகப் பிடிக்கும் என்று அவர் உள்ளதைச் சொன்னார். மறுநாள் காலை, கணவர் குளிக்கும் நேரத்தில் சாவியை எடுத்து டிக்கியைத் திறந்து, சாவியைத் திரும்ப வைத்துவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டாள். அவருக்கு அது தெரியாது. வாசலுக்கு வெளியே வேகத்தடை. அதில் ஏறி இறங்கியபோது காரின் பின்பக்கம் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. அந்த ஒரு அசைவு போதுமாக இருந்தது அவருக்கு. நிறுத்தலாம் என்றால் பக்கத்து இருக்கையில் முதலாளி. வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறார். சிக்னலில் நின்றபோது, ஃப்ளாஸ்க் வைக்க இடம் வேண்டும் என்று சொல்லிக் கைத்தாங்கியை இறக்கி, பின்னாலிருந்த சின்னக் கதவையும் திறந்துவிட்டார். இருட்டுக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. ஃப்ளாஸ்க்கைச் சற்றுத் தள்ளி, காற்று போகும்படி வைத்தார்.

"ஒரு சத்தம் வரல மேடம். அவ்வளவு ஓட்டத்துக்கும் ஒரு சத்தம் வரல. குலுக்கினா குழந்தைகூட அழும்."

இங்கே வந்தால் இரண்டு கம்பெனி ஆட்களும் நிற்கிறார்கள். ஓட்டாமல் இருக்க வழியில்லை. சாம்பல் பின்தங்கியதும் முதலாளியே சொன்னார், டிக்கியில் எதையாவது விட்டுவிட்டோமா பார் என்று. காலையிலேயே காலி செய்துவிட்டேன் என்று அரைவினாடி சொன்னார். பிரேக் சோதனையை மட்டும் மத்தியானத்துக்குத் தள்ளினார். மற்றவர்கள் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தபோது, பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று கிளம்பிப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார்.

"அப்ப அந்த நேரத்தைப் பத்திரிகையில போடாம இருந்திருக்கலாமே சார்," என்றான் சில்லறை. "ரெண்டும் சமம்னு ஒரு வரி. முடிஞ்சுது. நாங்களும் உங்களைப் பிடிச்சிருக்க மாட்டோம், எனக்கும் காலு இருந்திருக்கும்."

அரைவினாடி அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "டிக்கி காலின்னு வாயால பொய் சொன்னேன். அது பரவாயில்ல. நேரத்தை எப்படித் தம்பி மாத்தி எழுதறது?"

அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. வண்டி ஓட்டத் தெரிந்த எத்தனையோ பேர் அந்தக் காரை அன்று ஓட்டியிருக்கலாம். யார் ஓட்டியிருந்தாலும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கலாம். காப்பாற்றிய கையோடு அதை நேரம் போட்டு அச்சில் வெளியிடக்கூடியவர் இவர் ஒருவர்தான்.

"இறங்கினதும் அவங்களால நிக்க முடியல," என்றார். "கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அம்மா வீட்டுல விட்டுடவான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க. அங்க போனா, அம்மாவே முகம் கழுவச் சொல்லி, நல்ல துணி உடுத்திவிட்டு, சாயங்காலத்துக்குள்ள திரும்பக் கொண்டாந்து விட்டுடுவாங்களாம். ரெண்டு தடவை அப்படி ஆயிருக்காம்."

காற்று புல்லில் வைத்திருந்த விளம்பரப் பலகையைக் கவிழ்த்தது. யாரும் எடுத்து நிறுத்தவில்லை.

"உங்களை அனுப்பினது யாரு மேடம்? ஹோட்டல் இல்லன்னு தெரியுது."

"அவங்க அம்மா," என்றாள் அண்ணி.

அரைவினாடி காரிலிருந்து நிமிர்ந்தார். ஒரு அடி பின்னால் போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தப்பான கணக்கைக் கொடுத்துவிட்ட மனிதனின் முகம்தான் இருந்தது. பிறகு, சொல்லிவிட்டது சொல்லியாகிவிட்டது என்பதுபோலத் தோளைத் தளர்த்திக்கொண்டார். "எனக்கு ஒரு தபால் அட்டை வந்துச்சு. அவங்க இப்ப இருக்கற இடம்..."

"சொல்லாதீங்க."

"தெரிஞ்சுக்கத்தானே வந்தீங்க?"

"உயிரோட இருக்காங்களான்னு தெரிஞ்சுக்க வந்தோம். தெரிஞ்சுபோச்சு. இடம் எனக்குத் தெரிஞ்சா, ஒருநாள் நான் சொல்லிடுவேன். அட்டையைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

துப்பறிகிறவர்கள் துப்பு வேண்டாம் என்று சொல்வதை இன்றுதான் கேட்கிறேன் என்று சில்லறை முனகினான். ஆனால் அவன் குரலிலும் சத்தம் குறைவாகத்தான் இருந்தது.

*

திரும்பும் வழியில் அண்ணி ஓட்டினாள். ஊர் எல்லையின் முதல் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தன. உயிரோடு இருக்கிறாள் என்று எப்போது தெரியும் என்று அவன் கேட்டான். காலையிலேயே, பத்திரிகையைப் படித்தபோதே என்றாள்.

"எப்படி?"

"பிரேக் சோதனையைத் தள்ளிப்போட்டிருந்தாரே. செத்துப்போனவங்களுக்காக யாரும் பிரேக்கை மெதுவாப் போட மாட்டாங்க தம்பி."

சில்லறையிடம் அதற்குப் பதிலாக ஒரு நகைச்சுவை இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணனைக் கொண்டுவந்த வண்டி ஒவ்வொரு முக்கிலும் எப்படிக் குலுங்கி நின்றது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தபோது அண்ணி காரை மிக மெதுவாக நிறுத்தினாள்.

*

தையல் டீச்சர் மூன்றாவது மாடியில் இருந்தாள். முன்னறை முழுக்கத் துணி. ஏதோ ஒரு மருத்துவமனைக்கு வெள்ளைச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். கை வைக்காத உடம்புகள் ஒரு பக்கமும், உடம்பில்லாத கைகள் ஒரு பக்கமும் அடுக்கியிருந்தன. சாயங்கால வெயில் அவற்றின்மேல் விழுந்திருந்தது.

"உயிரோட இருக்காங்க," என்றாள் அண்ணி, உட்காருவதற்கு முன்பே.

டீச்சர் தைத்துக்கொண்டிருந்த துணியை இயந்திரத்திலிருந்து எடுக்கவில்லை. ஊசி துணிக்குள் இறங்கியபடியே நின்றது. எங்கே என்று கேட்டாள். அது தனக்குத் தெரியாது என்று அண்ணி சொன்னாள். அது உண்மை. உண்மையைச் சொல்வதற்காகத்தான் அவள் அதைத் தெரிந்துகொள்ளாமல் வந்தாள் என்பது சில்லறைக்கு அப்போது புரிந்தது. எப்படி வெளியே போனாள் என்பதைச் சொன்னார்கள். யார் ஓட்டியது என்பதைச் சொல்லவில்லை. டிக்கி என்று கேட்டபோது டீச்சரின் கை தன் முழங்காலை ஒருமுறை தடவியது.

"என்கிட்ட ஏன் வரல?"

பதிலையும் டீச்சரே சொன்னாள். "வெளிய போகும்போது வெளிப்பக்கமாப் பூட்டிட்டுப் போறாரும்மான்னு சொன்னா. பத்திரத்துக்குன்னு மாப்பிள்ளை சொன்னாரு. நான் அவரைத்தான் நம்பினேன். ரெண்டு தடவையும் டாக்ஸி பிடிச்சு நானேதான் கொண்டுபோய் விட்டேன். ரெண்டாவது தடவை, திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போனா. பழகிட்டான்னு நினைச்சேன்."

அளவு சொல்லும் அதே குரல். ஒரு இழைகூடப் பிசகவில்லை.

மேசைமேல் போன் அடித்தது. டீச்சர் பார்த்தாள். மாப்பிள்ளை, தினமும் இந்த நேரத்துக்கு, ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார் என்றாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி கையை நீட்டவில்லை. இத்தனை வருஷமும் மருமகன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன பெண்மணி இவள். இரண்டு தடவை கொண்டுபோய் விட்டவள். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிக்கி என்ற ஒரு வார்த்தை.

டீச்சர் போனை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டாள்.

"என் பொண்ணை என்ன பண்ணீங்க?" என்றாள்.

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. பூச்சி ரீங்காரம்போல அறை வரைக்கும் கேட்டது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் பொண்ணை என்ன பண்ணீங்கன்னு கேக்கறேன்."

போனைக் கீழே வைத்தாள்.

"நேத்து வரைக்கும் நிஜமாவே கேட்டேன்," என்றாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். "நீங்களும் நிறுத்திடாதீங்க. நிறுத்தினா அவருக்கு மூக்கு வேர்க்கும். தேடிக்கிட்டே இருங்க. எல்லாரும் பாக்கற மாதிரித் தேடுங்க. கண்டுபிடிச்சிட மட்டும் வேண்டாம்."

"முடியும்னு முழு நம்பிக்கையோட நாங்க ஒத்துக்கற முதல் கேஸ் இதுதான் டீச்சர்," என்றான் சில்லறை.

டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் அவனை வெறுக்கவும் இல்லை. ஊசியை மேலே தூக்கித் துணியை எடுத்து, மடியில் வைத்து நீவினாள்.

"நாளைக்கு எங்க தேடப்போறீங்க?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "வடக்க, மலைப்பக்கம். அங்கேருந்து ஆரம்பிக்கலாம்னு."

"வடக்க வேண்டாம்," என்றாள் டீச்சர். துணியை நீவிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. "அவளுக்குச் சின்னதுலேருந்தே குளிர்னா பிடிக்கும். நீங்க தெற்கப் போய்த் தேடுங்க."